அந்தத் திருமதியை அடிக்காதீர்கள்

கேள்வி: நான் திருநெல்வேலிப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. வயது 36, கல்யாணமாகிப் பத்து வருடம். சான்றிதழ், ஆதார், பான் எல்லாவற்றிலும் அப்பா இனிஷியல்தான், மாற்றவில்லை. பள்ளி ஆண்டு விழா அழைப்பிதழில் மட்டும் கணவர் இனிஷியலோடு ‘திருமதி’ என்று அச்சடித்துவிட்டார்கள். கேட்டதற்கு, ‘திருமதி என்று போட்டால் கணவர் இனிஷியல்தான் வரணும், அதுதான் முறை’ என்றார் அலுவலகத்தில் இருப்பவர். என்னோடு வேலை செய்யும் 44 வயது ஆசிரியைக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவர் பெயருக்கு முன் ‘செல்வி’ என்று பார்த்துப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். இதெல்லாம் கூடப் பரவாயில்லை. தம்பி புதுவீடு கட்டியிருக்கிறான். பால்காய்ப்புப் பத்திரிகையில் ‘எங்கள் தாயார் திருமதி … அவர்கள் முன்னிலையில்’ என்று எழுதிக் கொடுத்தோம். அப்பா தவறி மூன்று வருடம் ஆகிறது. புரூஃபைப் பார்த்த பெரியப்பா, ‘என் தம்பி போனப்புறம் என்ன திருமதி, அதை அடிச்சிரு’ என்று சொல்லிவிட்டார். அம்மா ‘சரி, எடுத்துருங்க’ என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். முறை எது? வெள்ளிக்கிழமை பிரஸ்ஸுக்குப் போகிறது.

பதில்: வணக்கம் டீச்சர்.

வெள்ளிக்கிழமை என்று சொல்லிவிட்டீர்கள், அதனால் அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மா பெயருக்கு முன்னால் இருக்கும் அந்தத் திருமதியை அடிக்காதீர்கள். அது அங்கேயே இருக்கட்டும். காரணத்தை நிதானமாகக் கீழே எழுதுகிறேன். பெரியப்பா பொறுமையாகக் கேட்பவர் என்றால் படித்துக் காட்டுங்கள்.

நான் முப்பது வருடமாக மெய்ப்புத் திருத்துகிறவள். அதில் முதல் பதினோரு வருடம் மதுரையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஓர் அச்சகத்தில் போனது. பத்திரிகைப் புரூஃபில் சண்டை எங்கே வரும் என்று நினைக்கிறீர்கள்? தேதியில் வராது, மண்டபத்தின் பெயரில் வராது. பெயருக்கு முன்னால் நிற்கும் அந்த இரண்டு மூன்று எழுத்தில்தான் வரும். யாருக்குத் திருமதி, யாருக்கு வெறும் பெயர், யார் பெயர் மேலே, யார் பெயர் ஓரத்தில் என்று நான்கு பேர் நின்றுகொண்டே பேசுவார்கள். கடைசியில் யாரோ ஒரு பெண்மணி, அநேகமாக எந்தப் பெயரைப் பற்றிப் பேச்சோ அந்தப் பெயருக்குரியவரே, ‘எடுத்துருங்க, என்ன இப்போ’ என்பார். உங்கள் அம்மா சொன்ன அதே வார்த்தை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு நானும் பல முறை கோடு இழுத்திருக்கிறேன். இப்போதாக இருந்தால் இழுக்க மாட்டேன்.

பெரியப்பா மனதில் இருப்பது திருமதி இல்லை. அவர் மனதில் இருப்பது ‘சௌ.’ அந்தக் காலப் பத்திரிகைகளைப் பழைய டிரங்குப் பெட்டியில் தேடிப் பாருங்கள், கிடைக்கும். மாப்பிள்ளைக்குச் சிரஞ்சீவி, பெண்ணுக்குச் சௌபாக்கியவதி. கல்யாணமான பெண்கள் பெயருக்கு முன்னாலும் ‘சௌ.’ என்று சுருக்கிப் போடுவார்கள். சௌபாக்கியம் என்றால் நற்பேறு. ஆனால் வழக்கத்தில் அது ஒரே ஒரு பேற்றைத்தான் குறித்தது, கணவர் உயிரோடு இருப்பதை. அதனால் அவர் போனதும் அந்தச் சௌ.வும் போய்விடும். மராட்டியில் இது இன்னும் வெளிப்படை. அங்கே சௌ. போன இடத்தில் ‘கங்கா பாகீரதி’ என்ற அடைமொழி வரும். 2023-இல் மகாராஷ்டிர அமைச்சர் ஒருவர் கணவரை இழந்த பெண்களை அரசே அப்படிக் குறிப்பிடலாம் என்று யோசனை சொல்லப்போய், பெரிய எதிர்ப்பைச் சந்தித்தார். நல்ல பெயர் வைக்கிறேன் என்றுதான் அவர் நினைத்திருப்பார். ஒரு பெண்ணின் கணவர் இருக்கிறாரா இல்லையா என்பதைக் கடித உறையிலேயே ஒட்டிவிடுகிறோம் என்பது அவருக்கு உறைக்கவில்லை.

சௌ.வுக்கு இருந்த சட்டத்தைப் பெரியப்பா திருமதிக்கும் நீட்டிவிட்டார், அவ்வளவுதான். இரண்டும் ஒன்றில்லை.

திருமதி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் புரியும். ஸ்ரீமான், ஸ்ரீமதி என்று ஒரு ஜோடி இருந்தது. வடமொழியில் ‘மதி’ என்ற அந்த விகுதிக்கு ‘உடையவள்’ என்று பொருள். பானுமதி ஒளியுடையவள், வசுமதி செல்வமுடைய பூமி, ஸ்ரீமதி ஸ்ரீயை உடையவள். கல்யாணத்தைப் பற்றி அதில் ஒரு மூச்சும் இல்லை. உங்கள் வகுப்பு வருகைப் பதிவேட்டிலேயே ஸ்ரீமதி என்று ஒன்றிரண்டு பிள்ளைகள் இருப்பார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளையைப் பார்த்து ‘உனக்கு எப்போது கல்யாணம் ஆயிற்று’ என்று யாரும் கேட்பதில்லையே. அந்த ஸ்ரீயை எடுத்துவிட்டுத் திருவை வைத்ததுதான் திருமதி. தலை தமிழ், வால் வடமொழி. மதி என்றால் நிலா, ஆகவே அழகிய நிலா என்று சிலர் விளக்கம் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் உண்மை அதில்லை. இந்த ஒட்டு பிடிக்காத தனித்தமிழ்க்காரர்கள் ‘திருவாட்டி’ என்று எழுதினார்கள், இன்னும் எழுதுகிறார்கள். திருவாளருக்குச் சரியான இணை அதுதான். ஆனால் வழக்கில் ஏறவில்லை.

தமிழறிஞர்களிடம் ஏற்கெனவே புழங்கிய திருவும் திருமதியும் அலுவலகத்துக்குள் முறையாக நுழைந்தது 1967-இல் அண்ணா முதலமைச்சரான பிறகு. அரசு எழுத்துகளில் ஸ்ரீ, ஸ்ரீமதி, குமாரி போய் திரு, திருமதி, செல்வி வந்தன. ஆங்கிலத்தில் எழுதும் அரசாணைகளில்கூடத் திருமதியை ‘டி.எம்.டி.’ என்று சுருக்கி எழுதுவார்கள், பார்த்திருப்பீர்கள். நாம் ஆதிகாலத்து முறை என்று சண்டை போடும் இந்த ஏற்பாட்டுக்கு அலுவலக வயது அறுபதுகூட இல்லை. உங்கள் பெரியப்பா அதைவிட மூத்தவராகத்தான் இருப்பார்.

அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். இந்திரா காந்தியை வானொலிச் செய்தியில் என்னவென்று சொன்னார்கள்? ‘பிரதமர் திருமதி இந்திரா காந்தி.’ அவர் கணவர் பெரோஸ் காந்தி இறந்தது 1960-இல். அவர் பிரதமரானது 1966-இல். பிரதமராக இருந்த காலம் முழுவதும் அவர் கணவரை இழந்தவர்தான், ஆனாலும் திருமதிதான். பெரியப்பாவே எத்தனை முறை அப்படிச் சொல்லியிருப்பாரோ. டெல்லியில் இருப்பவருக்கு ஒரு முறை, வீட்டில் இருப்பவருக்கு ஒரு முறையா?

சரி, அம்மா விஷயம் இதோடு முடியவில்லை, கடைசியில் மறுபடி வருகிறேன். உங்கள் இனிஷியலைப் பார்ப்போம்.

‘திருமதி என்றால் கணவர் இனிஷியல்’ என்று எந்த இலக்கணமும் சொல்லவில்லை, எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கல்யாணமானால் பெண் பெயரை மாற்றியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இந்தியாவில் இல்லை. பான் அட்டை விண்ணப்பத்தில் கல்யாணமான பெண்ணும் அப்பா பெயரைத்தான் தர வேண்டும் (தாய் தனியாக வளர்த்திருந்தால் தாய் பெயர்). கணவர் பெயர் அங்கே எடுபடாது. 2016 டிசம்பரில் வெளியுறவு அமைச்சகம் பாஸ்போர்ட் விதிகளைத் தளர்த்தியபோது, கல்யாணமானவர்கள் அதற்குத் திருமணச் சான்றிதழ் தர வேண்டியதில்லை என்று அறிவித்தது. மாற்ற விரும்புகிறவர்கள் அரசிதழில் வெளியிட்டு மாற்றிக்கொள்ளலாம், அது அவரவர் விருப்பம். மாற்றாதவர் பெயரை ஓர் அலுவலக மேசையில் உட்கார்ந்துகொண்டு இன்னொருவர் மாற்ற முடியாது.

அந்த அலுவலகத்துக்காரர் கெட்ட எண்ணத்தில் செய்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். அவர் படித்த ஆங்கில மரியாதை அப்படி. பழைய ஆங்கில முறையில் மிஸஸ் என்று போட்டால் பின்னால் கணவர் பெயர்தான் வரும், பெண்ணின் சொந்தப் பெயரே வராது. நம் ஊர்க் குடியிருப்புகளிலும் ‘மிஸஸ் ராஜகோபாலன் வந்தாங்களா’ என்று கேட்பது அதன் மிச்சம். பத்து வருடம் பக்கத்து வீட்டில் இருந்தும் அந்த அம்மாள் சொந்தப் பெயர் கோமதி என்பதே தெரியாமல் போனவர்கள் உண்டு. திருமதியை மிஸஸ் என்பதன் தமிழ்ப் பெயர் என்று நினைத்ததால் மிஸஸோடு வந்த சாமான்களையும் சேர்த்து இறக்கிவிட்டோம்.

வேடிக்கை என்னவென்றால், மிஸஸுமே ஆரம்பத்தில் அப்படியில்லை. மிஸ், மிஸஸ் இரண்டும் மிஸ்ட்ரஸ் என்ற ஒரே சொல்லின் சுருக்கம். பதினெட்டாம் நூற்றாண்டின் பெரும்பகுதிவரை இங்கிலாந்தில் மிஸஸ் என்றால் வீட்டையோ கடையையோ ஆளும் தலைவி. கல்யாணமாகாமல் கடை நடத்திய பெண்களும் மிஸஸ்தான். அப்புறம்தான் அது தாலியைப் பார்த்துக் கொடுக்கும் பட்டமானது. இந்தச் சங்கடம் தீர இரண்டுக்கும் பொதுவாக ‘Ms.’ என்று ஒரு சுருக்கம் வேண்டும் என்று அமெரிக்காவில், மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்து நாளிதழ் ஒன்று 1901-இலேயே எழுதியது. அந்தச் சுருக்கத்தை நியூயார்க் டைம்ஸ் ஏற்றுக்கொள்ள 1986 ஆயிற்று. மேற்கு ஜெர்மனி 1972-இல் கல்யாணமாகாத பெண்ணுக்கான ‘ஃபிராய்லைன்’ என்ற சொல்லை அலுவலக வழக்கிலிருந்து எடுத்துவிட்டது, பிரான்ஸ் 2012-இல் ‘மத்மசேல்’ என்பதைப் படிவங்களிலிருந்து எடுத்தது. நம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இவர்களுக்கெல்லாம் முன்னோடிகள். ‘கணக்கு மிஸ்’, ‘சயின்ஸ் மிஸ்’ என்று பேரன் எடுத்தவர்களையும் மிஸ் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்தச் சொல்லில் இருந்த கல்யாணக் கணக்கை அவர்கள் எப்போதோ அழித்துவிட்டார்கள்.

நம்மிடமே நல்ல முன்மாதிரிகள் இருக்கின்றன. எம்.எஸ். சுப்புலட்சுமி என்ற பெயரில் எம் என்பது மதுரை, எஸ் என்பது சண்முகவடிவு, அவருடைய அம்மா. 1940-இல் சதாசிவத்தைக் கல்யாணம் செய்துகொண்டார். அதற்குப் பின் 64 வருடம், 1998-இல் பாரத ரத்னா வாங்கும்போதும், அந்த எஸ் அம்மா பெயராகவே இருந்தது. மேடையில் ‘ஸ்ரீமதி எம்.எஸ். சுப்புலட்சுமி’ என்றுதான் அறிவித்தார்கள். ஸ்ரீமதியோடு தாயின் பெயர் ஒட்டாது என்று எந்தச் சபாவும் சொல்லவில்லை. மாறாக, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி கணவர் பெயரின் பின்பகுதியை ஏற்றுக்கொண்டார். அதுவும் சரிதான். இருவரையும் யாரும் குறைத்து மதிப்பிடவில்லை.

இன்னும் பின்னால் போகலாம். தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் குந்தவை கொடுத்த கொடைகளைப் பற்றிய கல்வெட்டு இருக்கிறது. ராஜராஜனின் தமக்கையார் என்கிறது, வல்லவரையர் வந்தியத்தேவரின் மாதேவியார் என்கிறது, அப்புறம் பெயர் வரும்போது ‘பராந்தகன் குந்தவை’ என்கிறது. பராந்தகன் அவருடைய அப்பா, சுந்தர சோழர். கணவர் யார் என்பதைச் சொல்லவும் மறக்கவில்லை, பெயரில் அப்பாவை எடுக்கவும் இல்லை. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய அந்த எழுத்தைச் செதுக்கியவருக்கு இருந்த தெளிவு உங்கள் பள்ளி அலுவலகத்துக்கும் வரட்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது சண்டை இல்லை. தலைமையாசிரியருக்கு ஒரு வரி எழுதிக் கொடுங்கள்: ‘பணிப் பதிவேட்டிலும் சான்றிதழ்களிலும் உள்ளபடியே என் பெயரையும் முன்னெழுத்தையும் பள்ளி வெளியீடுகளில் பயன்படுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.’ போதும். கணவர் சம்மதம், அப்பா நினைவு என்று எதையும் விளக்கப் போகாதீர்கள். காரணம் சொன்னால் காரணத்தோடு வாதாடுவார்கள், பதிவேட்டோடு யார் வாதாடுவது? ஒரு நடைமுறைக் காரணமும் இருக்கிறது. அழைப்பிதழில் தப்பாக வந்த இனிஷியல் அடுத்து பாராட்டுச் சான்றிதழுக்குப் போகும், அங்கிருந்து பி.எஃப். கணக்குக்குப் போகும், அப்புறம் பணத்தை எடுக்கப் போகும்போது ‘ஆதாரில் ஒன்று, இங்கே ஒன்று’ என்று அலைய விடுவார்கள். கல்யாணப் பத்திரிகை பிழை ஒரு நாள் சிரிப்போடு முடியும், இது முடியாது.

திருமதி என்று போட வேண்டுமா, வேண்டாமா என்று நீங்கள் கேட்கவில்லை. எனினும் சொல்கிறேன்: பிடித்தால் போடுங்கள், பிடிக்காவிட்டால் வெறும் பெயர் போதும். விவாகரத்தானவர்களும் இதைத்தான் கேட்பார்கள், அவர்களுக்கும் இதே பதில்தான். ஒரு முறை மகள் கல்யாணப் பத்திரிகைப் புரூஃபைப் பார்க்க ஓர் அம்மா வந்திருந்தார், தனியாக. பேனாவை வாங்கித் தன் பெயருக்கு முன் இருந்த திருமதியை அடித்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். அடித்த இடத்தின் கீழே வரிசையாகப் புள்ளி வைத்தார். அச்சகத்தில் அதற்கு ‘அடித்த சொல்லை எடுக்க வேண்டாம், இருக்கட்டும்’ என்று பொருள், அவருக்கு எப்படித் தெரிந்ததோ. ‘நான் சம்பாதிச்சது’ என்றார். நான் எதுவும் கேட்கவில்லை.

இப்போது உங்கள் தோழி. பிள்ளைகள் சிரிப்பதற்குக் காரணம், பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி அறிவிப்புகளில் ‘செல்வன், செல்வி’ என்று தங்கள் பெயருக்கு முன்னால்தான் பார்த்திருக்கிறார்கள். அது சின்னப் பிள்ளைச் சொல் என்று பதிந்துவிட்டது. சொல்லின் வரலாறு வேறு. அகநானூற்றில் கடல்கெழு செல்வி, கானமர் செல்வி என்று வருகிறவள் தெய்வம். கடலையும் காட்டையும் ஆளுகிறவள். இதைத் தமிழ் ஐயாவிடம் சொல்லி வகுப்பில் ஒரு முறை சொல்லச் சொன்னாலே பாதிச் சிரிப்பு அடங்கும்.

மீதிப் பாதிக்கு நியாயமான காரணம் இருக்கிறது, அதை மறைக்க வேண்டாம். ஆண் பிள்ளை மீசை முளைத்ததும் திரு ஆகிவிடுகிறான், கல்யாணம் ஆனாலும் ஆகாவிட்டாலும். காமராஜர் கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அவரைச் ‘செல்வன் காமராஜ்’ என்று யாராவது எழுதியதுண்டா? ஜெயலலிதா முதலமைச்சராக இருந்தபோதும் அரசுக் கல்வெட்டிலும் விளம்பரத்திலும் ‘செல்வி ஜெ. ஜெயலலிதா’ என்றுதான் வந்தது. 2016-இல் மறைந்தபோது அவருக்கு வயது 68. அவர் அதைச் சுமையாக எண்ணியதாகத் தெரியவில்லை, நிமிர்ந்தே சுமந்தார். ஆனால் ஒன்று கவனியுங்கள். எழுத்தில் செல்வி என்று போட்ட அதே ஆட்கள் வாயால் கூப்பிட்டது என்ன? ‘அம்மா.’

எனக்கு இதில்தான் விஷயம் இருப்பதாகத் தோன்றுகிறது. பெயருக்கு முன்னால் போடும் சொல் நமக்குப் பின்னால் வந்து சேர்ந்தது. தமிழில் பெண்ணுக்கு மரியாதை பெயரின் வாலில்தான் இருந்தது. அம்மாள், அம்மையார், நாச்சியார், பிராட்டியார், செட்டிநாட்டில் ஆச்சி, எல்லா ஊரிலும் ‘அவர்கள்’. இவற்றில் எதுவும் கல்யாணக் கணக்குக் கேட்பதில்லை. காரைக்காலில் புனிதவதியைக் கணவன் பரமதத்தன் விட்டுப் போனான், இன்னொரு கல்யாணமும் செய்துகொண்டான். அவன் போனதால் அவளுக்கு மரியாதை போகவில்லை, போன பிறகுதான் ‘அம்மையே’ என்று சிவனே அழைத்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. அன்றிலிருந்து அவர் காரைக்கால் அம்மையார். இதையும் பெரியப்பாவுக்குப் படித்துக் காட்டுங்கள், அவர் கோயிலுக்குப் போகிறவராக இருந்தால்.

அதனால் உங்கள் தோழிக்கு நான் சொல்வது: முன்னொட்டை எடுத்துவிட்டுப் பெயர், படிப்பு, பணி என்று போடச் சொல்லலாம். ‘கு. தமிழரசி, எம்.எஸ்சி., பி.எட்., முதுநிலை ஆசிரியை’ என்ற மாதிரி. கூப்பிடும்போது பெயருக்குப் பின் ‘அவர்கள்’. எல்லா ஆசிரியைகளுக்கும் அப்படியே போட்டுவிட்டால் யாரையும் தனியாகப் பிரித்த மாதிரி இருக்காது. திருமதி என்பது வயது வந்த பெண் எல்லாருக்கும் பொது என்று ஆகிவிட்டாலும் நல்லதுதான், சொல்லின் பொருள் அதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் அதை உங்கள் பள்ளி அழைப்பிதழில் தொடங்கி அவரைப் புரளிக்கு ஆளாக்க வேண்டாம். முதலில் அவரிடமே கேளுங்கள். செல்வி என்றே இருக்கட்டும் என்று அவர் சொன்னாலும் சொல்லலாம். இன்னொன்று, ‘டாக்டர் (திருமதி)’ என்று அடைப்புக்குறிக்குள் போடும் பழக்கம் ஒன்று இருக்கிறது. ‘டாக்டர் (திரு)’ என்று யாரும் போடுவதில்லை. நாளைக்கு உங்கள் தோழி முனைவர் பட்டம் வாங்கினால் அந்த அடைப்புக்குறிக்குள் மட்டும் அவரை உட்கார வைக்காதீர்கள்.

அம்மாவுக்கு வருகிறேன்.

பத்திரிகையில் அப்பா பெயரும் வரும்தானே. ‘தெய்வத்திரு’ என்று அவருக்கு முன்னால் போட்டிருப்பீர்கள். யோசித்துப் பாருங்கள், இறந்தவருக்குத் திரு கூடுகிறது, இருப்பவருக்குத் திருமதி கழிகிறது என்றால் அது என்ன கணக்கு? விதவை என்று எழுதினால் அதில் ஒரு புள்ளிகூட இல்லை, கைம்பெண் என்றால் இரண்டு புள்ளி, இரண்டு பொட்டு இருக்கிறது என்று சொல்வார்கள். சொல்லுக்காவது பொட்டு வைத்துப் பார்க்கலாம் என்று நினைத்த ஊர் இது. வீட்டுப் பத்திரிகையில் ஒரு திருமதியை விட்டுவைக்கலாம்.

அச்சு விவரம் கொஞ்சம். திருமதி சுருக்கெழுத்து இல்லை, முழுச் சொல். பின்னால் புள்ளி வைக்க வேண்டாம், டி.டி.பி. செய்கிறவர் கை தானாக வைக்கும், பார்த்து எடுத்துவிடுங்கள். ‘திருமதி’ என்பது ஒரு வரிக் கடைசியிலும் பெயர் அடுத்த வரியிலுமாக உடையக் கூடாது. முன்னிலையில் என்ற வரி, உங்கள் பெற்றோர் பெயரை மீனாட்சி, சங்கரலிங்கம் என்று நான் வைத்துக்கொண்டால், இப்படி வரட்டும்:

‘தெய்வத்திரு சங்கரலிங்கம் அவர்களின் நல்லாசியுடன், எங்கள் தாயார் திருமதி மீனாட்சி அம்மாள் அவர்கள் முன்னிலையில்…’

அம்மாளும் அவர்களும் சேர்ந்து வருவது மிகை என்று கறாரான ஆட்கள் சொல்வார்கள். பத்திரிகைதானே, இருந்துவிட்டுப் போகட்டும். அச்சான முதல் பிரதியை அம்மா கையில் கொடுங்கள், அவர் படிக்கும்போது யாரும் எட்டிப் பார்க்காதீர்கள். கண்ணாடி போட்டு அவர் பெயரை அவரே ஒரு முறை படிக்கட்டும்.

கேட்க விட்டுப்போன ஒன்று. கீழே ‘அன்புடன் அழைக்கும்’ என்பதற்கு அடியில் தம்பி பெயர் எப்படி இருக்கிறது? பத்துப் புரூஃபில் ஏழில் ‘திரு’ என்று போட்டிருப்பார்கள், மனைவி பெயருக்குத் ‘திருமதி’ என்றும். அழைக்கிறவர் தன்னைத் தானே திரு என்று சொல்லிக்கொள்வது தமிழ் வழக்கம் இல்லை. மரியாதை அடுத்தவர் கொடுப்பது. அங்கே இருந்தால் இரண்டையும் எடுத்துவிடுங்கள். பெரியப்பாவுக்கு எதையாவது அடித்தே ஆக வேண்டும் என்றால், பேனாவை அவர் கையில் கொடுத்து அந்த இடத்தைக் காட்டுங்கள்.